எந்த அணிக்கு எந்த பவுல்? ஒரு கணிப்பின் கதை

2010 நவம்பர் கடைசியில் வேலை விஷயமாக அமெரிக்காவில், ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் இருந்தேன். அலுவலகத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து டாலர் கட்டி, எந்தக் கல்லூரி அணி எந்த பவுல் ஆட்டத்துக்குப் போகும் என்று எழுதிக் கொடுக்கணும். ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தரவரிசைப் பட்டியல் இருக்கிறது, புரோகிராம் எழுதத் தெரியும், வேறென்ன வேணும்? ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். படுதோல்வி. ஜெயித்தது வரவேற்பு மேசையில் இருந்த வயதான அம்மா. எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "நீ எந்த டீம் நல்லா ஆடுதுன்னு பார்த்தே. நான் எந்த ஊர்க்காரன் வந்து ஹோட்டல்ல ரூம் எடுப்பான்னு பார்த்தேன்."

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல வருஷமாகப் படித்ததன் சுருக்கம்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விளக்கம். இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரி அணிகளின் பருவம் டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெயில் அடிக்கிற ஊர்களில் நடக்கும் தனித்தனி ஆட்டங்கள்தான் பவுல் ஆட்டங்கள். அப்போது ஜெயித்து ஜெயித்து மேலே போகிற நாக் அவுட் முறை கிடையாது, அழைத்தால்தான் போக முடிந்தது. கல்யாண வீடு மாதிரி. ஊரில் யார் பெரிய ஆள் என்பது வேறு, யாருக்குப் பத்திரிகை வைத்தார்கள் என்பது வேறு.

இதன் வேர் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருக்கிறது. 1890 முதல் அங்கே புத்தாண்டையொட்டி மலர் ஊர்வலம் நடத்தி வந்தார்கள். கிழக்கே எல்லோரும் பனியில் உறைந்து கிடக்கும்போது எங்க ஊரில் ரோஜா பூக்கிறது பாருங்கள் என்று காட்டத்தான். 1902 ஜனவரி 1 அன்று கூட்டம் சேர்க்க ஒரு ஃபுட்பால் ஆட்டமும் வைத்தார்கள். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. ஸ்டான்ஃபோர்டு பாதியிலேயே போதும் என்று நிறுத்திக்கொண்டது. அமைப்பாளர்கள் வெறுத்துப்போய் அடுத்த சில வருஷங்கள் ரோமானியத் தேர்ப்பந்தயமெல்லாம் நடத்தினார்கள். 1916இல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது. 1922இல் கிண்ண வடிவில் மைதானம் கட்டி, ரோஸ் பவுல் என்று பெயர் வைத்தார்கள். 1935இல் மயாமியில் ஆரஞ்ச் பவுலும் நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுலும், 1937இல் டல்லஸில் காட்டன் பவுலும் சேர்ந்துகொண்டன. ஊர் பெயர் பரவணும், வெளியூர்க்காரன் வந்து செலவு பண்ணணும். வரவேற்பு மேசை அம்மா சொன்னது ஆரம்பத்திலிருந்தே உண்மை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். 1973ஐப் பாருங்கள். பிக் டென் என்ற கூட்டமைப்பில் ஓர் அணிக்கு மட்டுமே பவுல் அனுமதி. அது ரோஸ் பவுல் மட்டும். நவம்பர் 24 அன்று மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் மோதின. இரண்டுமே அதுவரை தோற்காத அணிகள். ஆட்டம் 10-10 சமன். முந்தைய வருஷம் ஒஹையோ ஸ்டேட் போய்விட்டு வந்ததால் இந்த முறை மிச்சிகன்தான் என்று பலரும் கணித்தார்கள். கூட்டமைப்பின் பத்துப் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்களும் வாக்களித்தார்கள். முடிவு: ஒஹையோ ஸ்டேட். மிச்சிகனின் குவார்ட்டர்பேக் டென்னிஸ் ஃபிராங்க்ளினுக்கு அந்த ஆட்டத்தில் காறை எலும்பு முறிந்திருந்தது. அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. 1972 முதல் 1974 வரை மூன்று பருவங்களில் மிச்சிகன் 30 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். ஒரு பவுல்கூடக் கிடையாது. அந்தப் பையன்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். 1975இல் விதியை மாற்றினார்கள். அவர்களுக்கு அதில் பிரயோஜனம் இல்லை.

மனுஷன் ஓரவஞ்சனை பண்ணுகிறான், கணினியைக் கொண்டுவா என்ற குரல் இப்படித்தான் வலுத்தது. 1998இல் வந்த பி.சி.எஸ். முறை கருத்துக்கணிப்புகளையும் கணினித் தரவரிசைகளையும் கலந்தது. 2003இல் இரண்டு கருத்துக்கணிப்பிலும் முதலிடத்தில் இருந்த யு.எஸ்.சி. அணியை, சூத்திரம் மூன்றாவது இடத்துக்குத் தள்ளி இறுதி ஆட்டத்திலிருந்து வெளியேற்றியது. உடனே சூத்திரத்தை மாற்றி மனுஷ வாக்குக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள்.

நான் தோற்ற 2010இல் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். கடைசிப் பட்டியல் வெளிவந்தபின், பவுல் கணிப்புக்குப் பேர்போன ஜெர்ரி பாம் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். வெஸ் கோலி என்ற வானியற்பியலாளரின் கணினித் தரவரிசையில், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த ஒரே ஓர் ஆட்டத்தின் முடிவு விடுபட்டிருந்தது: அப்பலாச்சியன் ஸ்டேட், வெஸ்டர்ன் இலினாய். அதைச் சேர்த்ததும் 10, 11ஆம் இடங்களில் இருந்த எல்.எஸ்.யு.வும் பாய்ஸி ஸ்டேட்டும் இடம் மாறின! பயன்பாட்டில் இருந்த ஆறு கணினித் தரவரிசைகளில் கோலி மட்டும்தான் தன் சூத்திரத்தை முழுமையாக வெளியிட்டிருந்தார். அதனால்தான் வெளியாள் ஒருவர் சரிபார்க்க முடிந்தது. மற்ற ஐந்தில் பிழை இருந்தால் யாருக்குத் தெரியும்? டேட்டா விடுபட்டு ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்து எழுந்த அனுபவம் உள்ள எவனுக்கும் இந்தக் கேள்வி வயிற்றைக் கலக்கும்.

அதைவிட வேடிக்கை, அந்தத் திருத்தத்தால் யாருடைய பவுலும் மாறவில்லை. பாய்ஸி ஸ்டேட் 11 வெற்றி, 1 தோல்வியோடு டிசம்பர் 22 அன்று லாஸ் வேகஸ் பவுலில் ஆடியது. 8 வெற்றி, 4 தோல்வி, பட்டியலிலேயே இல்லாத கனெக்டிகட் அணி, பிக் ஈஸ்ட் கூட்டமைப்பின் சாம்பியன் என்ற தகுதியில் பெரிய ஃபியஸ்டா பவுலுக்குப் போனது. ஒப்பந்தம் அப்படி. போய், தனக்கு ஒதுக்கிய டிக்கெட்டுகளை விற்க முடியாமல் கையைச் சுட்டுக்கொண்டது. என் புரோகிராம் கவிழ்ந்த இடமும் இதுதான். நான் தரவரிசையைப் படித்தேன், ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை.

2014இல் கணினிகளைக் கழற்றிவிட்டு, 13 பேர் கொண்ட தேர்வுக் குழுவைக் கொண்டுவந்தார்கள். 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் ஜெயித்தும், முதல் நான்கு இடங்களில் சேர்க்கப்படவில்லை. காரணம்? குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் அடி. அரை நூற்றாண்டு கழித்து, அதே 1973. அடுத்த பருவத்திலிருந்து நான்கு இடங்களைப் பன்னிரண்டாக்கினார்கள். இந்தத் திருத்தமும் பாதிக்கப்பட்டவர்கள் போன பிறகுதான் வந்தது.

ஐம்பது வருஷத்தில் வாக்கு சூத்திரமாகி, சூத்திரம் மறுபடி குழுவாகிவிட்டது. எது சிறந்தது என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் இந்தக் கதையில் கையும் களவுமாகப் பிடிபட்டு மறுநாளே திருத்தப்பட்ட தப்பு ஒன்றே ஒன்றுதான்: சூத்திரத்தைத் திறந்து வைத்திருந்த கோலியுடையது. மற்றதெல்லாம் இன்றைக்கும் டீக்கடை விவாதமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஐந்து டாலர் போனதில் வருத்தமே இல்லை.