பன்றியும் ஆடும் மேடையேறிய கதை

சேலம் ஜில்லா பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் மாரியம்மன் பண்டிகைக்குக் கூத்து வைத்தால், ராஜ வேஷம் சபைக்கு வருமுன்னே கோமாளி தோன்றி, முன்வரிசையில் அமர்ந்த மணியக்காரரையும் ஊர்க்கவுண்டரையும் பரிகசிப்பதும், பரிகாசத்துக்கு உள்ளானவரே முதலில் சிரிப்பதும் நெடுநாளைய சம்பிரதாயம். ஆங்கில சர்க்காருக்கு இத்தகைய சகிப்பு வாய்க்கவில்லை.

1876 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு விஜயம் செய்தபோது, ஜகதானந்த முகர்ஜி என்னும் வக்கீல் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்று, குலஸ்திரீகளைக் கொண்டு உபசரித்தார். நகரம் கொதித்தது. மறு மாதமே கிரேட் நேஷனல் தியேட்டரார் 'கஜதானந்தனும் யுவராஜனும்' என்ற பிரஹசனத்தை அரங்கேற்ற, போலீஸார் அதைத் தடுக்க, அதையே வேறு பெயரில் நடிக்க, அதுவும் தடுக்கப்பட, இறுதியில் கமிஷனர் ஹாக், சூப்பரின்டெண்டு லாம்ப் ஆகிய இருவர் பெயர்களும் ஆங்கிலத்தில் பன்றியையும் ஆட்டுக்குட்டியையும் நினைவூட்டுவதைப் பற்றிக்கொண்டு, பன்றியும் ஆடும் நடத்தும் போலீஸ் என்று புதிய நாடகமொன்றைப் போட்டுவிட்டனர். பிப்ரவரி 29 அன்று வைசிராய் நார்த்புரூக் பிரபு அவசரச் சட்டம் பிறப்பித்தார். அவ்வருஷக் கடைசியில் அதுவே நிரந்தர நாடகச் சட்டமாகி, அவதூறோ ராஜத்துவேஷமோ தொனிக்கும் நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்தது.

ஆள்வோரைப் பரிகசிப்பதைத்தான் சட்டம் தடுத்ததேயன்றி, ஆசிரியர்கள் தமக்குள் போட்டியிடுவதைத் தடுக்கவில்லை. சேலத்தைப் போலவே சென்னை ராஜதானியின் ஜில்லாவாயிருந்த பல்லாரியில், தர்மவரம் ராமகிருஷ்ணமாசார்யுலு சரச விநோதினி சபையையும், கோலாசலம் சீனிவாச ராவ் சுமனோரமா சபையையும் எதிரெதிரே நடத்தினர். இருவரும் வக்கீல்கள், முன்னவர் 'விஷாத சாரங்கதரா' என்னும் சோக நாடகத்தால் பெயர்பெற்றார், பின்னவர் சரித்திர நாடகத்தில் வல்லவரானார். வேடிக்கை என்னவெனில், தர்மவரத்தாரின் சகோதரி மகனான பல்லாரி ராகவனே, கோலாசலத்தாரின் விஜயநகர நாடகத்தில் பட்டாணியன் ருஸ்தும் வேஷம் தரித்துப் பெரும் கீர்த்தி அடைந்தார்.

1891-இல் சரச விநோதினி சபையார் சென்னையில் நடித்ததைக் கண்டு உள்ளம் பறிகொடுத்த பம்மல் சம்பந்த முதலியார், அவ்வருஷமே சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய 'சபாபதி', ஜமீன்தாரையும் சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுக்கும் வேலைக்காரனையும் கொண்டு தமிழரைச் சிரிக்க வைத்தது.

பரிகாசத்துக்கு அஞ்சியது அந்நிய ஆட்சி மட்டுமே என்று கொள்வதற்கில்லை. சுதந்திரம் வந்தபின் 1954-இல் சென்னை ராஜ்யமே தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றிற்று. எம். ஆர். ராதாவின் நாடகங்கள் அதற்கு எங்ஙனம் காரணமாயின என்பதை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)