ஒரு விதிவிலக்கின் வரலாறு: இந்தியத் திரைப்படச் சங்க இயக்கம்

நாடு விடுதலை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1947 அக்டோபர் 5 அன்று கல்கத்தா பிலிம் சொசைட்டி பிறந்தது. சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா, பன்சி சந்திரகுப்தா முதலிய இளைஞர்கள் கூடித் தொடங்கிய அந்தச் சங்கம் முதலில் திரையிட்ட படம் ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொடெம்கின்’. பிரிட்டனில் 1954 வரை பொதுத் திரையிடலுக்குத் தடை செய்யப்பட்டிருந்த படம் அது. ஆண்டவர்கள் தம் நாட்டு மக்களுக்கே காட்ட அஞ்சிய படத்தை, அவர்கள் வெளியேறிய சில வாரங்களில் நம் முன்னோடிகள் திரைச்சீலையில் ஓடவிட்டார்கள். நம் இயக்கத்தின் நோக்கம் அந்த முதல் தேர்விலேயே தெரிகிறது.

அந்த நாள்களில் சினிமா கௌரவமான காரியமாகக் கருதப்படவில்லை. உறுப்பினர் வீடுகளில் கூடிப் படம் பார்த்தால், சினிமாக்காரர்கள் வந்துபோவது வீட்டின் புனிதத்தைக் கெடுக்கிறது என்று வீட்டுக்காரர் ஆட்சேபிப்பார். இதையெல்லாம் ரே எழுதி வைத்திருக்கிறார். அரங்கம் இல்லை, பணம் இல்லை, படச்சுருளும் எளிதில் கிடைப்பதில்லை. 1952இல் அந்தச் சங்கமே முடங்கி, 1956இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. முடங்கிய அதே ஆண்டில்தான் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி சென்னை, டெல்லி, கல்கத்தா என்று பயணப்பட்டது. போருக்குப் பிந்தைய இத்தாலியின் தெருவையும் பசியையும் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ போன்ற படங்களில் நம் ரசிகர்கள் கண்டார்கள். ஒரு தலைமுறையின் கண்ணைத் திறந்த விழா அது.

திரைப்பட விழா என்ற ஏற்பாட்டுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை இங்கே சொல்லிவிட வேண்டும். 1932இல் தொடங்கிய வெனிஸ் விழாவின் உயர்ந்த பரிசு முசோலினியின் பெயரையே தாங்கியது. 1938இல் அந்தப் பரிசு லெனி ரீஃபன்ஸ்டாலின் ‘ஒலிம்பியா’வுக்கும் இத்தாலிய விமானப்படையைப் போற்றிய ஒரு படத்துக்கும் போனது. நடுவர் குழுவின் சுதந்திரம் பறிபோனதைக் கண்டு மனம் வெறுத்தவர்கள் பிரான்சில் வேறொரு விழாவுக்குத் திட்டமிட்டார்கள். 1939 செப்டம்பரில் தொடங்கவிருந்த கான் விழாவைப் போர் தடுத்தது. 1946இல் அது முறையாக நடந்தபோது உயர்ந்த விருதைப் பகிர்ந்துகொண்ட படங்களில் சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ ஒன்று. அதன் திரைக்கதையில் பங்கேற்ற கே. ஏ. அப்பாஸின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

1959 டிசம்பர் 13 நம் இயக்கத்தின் பொன்னாள். நாட்டில் அங்கங்கே தனித்தனியே இயங்கிவந்த சங்கங்கள் இணைந்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை அமைத்தன. நிறுவிய சங்கங்களில் சென்னையும் ஒன்று என்பது நமக்குப் பெருமை. தலைவர் சத்யஜித் ரே. 1992இல் மறையும்வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. சிதானந்த தாஸ்குப்தாவும் விஜயா முலேவும் இணைச் செயலாளர்கள். துணைத் தலைவர்களில் ஒருவர் அம்மு சுவாமிநாதன். அரசியலமைப்பு அவையில் சென்னை மாகாணத்தின் குரலாக இருந்தவர். கேப்டன் லட்சுமி, மிருணாளினி சாராபாய் ஆகியோரின் தாயார். இந்திரா காந்தியும் கூட்டமைப்பின் துணைத் தலைவராக இருந்தார். 1964இல் அவர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானது நமக்குத் துணையாயிற்று.

அந்தத் துணை எதற்குத் தேவைப்பட்டது? 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டப்படி, தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட முடியாது. ஒரே ஒரு மாலை, நூறு பேருக்காகக் காட்டும் போலந்துப் படத்துக்கு யார் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவது? வெட்டுப்படாத படத்தைப் பார்ப்பதுதானே சங்கத்தின் நோக்கம்? உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டப்படும் படங்களுக்கு விதிவிலக்கு வேண்டும் என்று கூட்டமைப்பு தொடர்ந்து கேட்டு, அறுபதுகளில் அதைப் பெற்றது. அந்த அனுமதித் தாள் இல்லாமல் நம் சங்கங்களில் பல, முதல் ஆண்டையே தாண்டியிருக்காது.

1964இல் புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் எழுந்தது. பி. கே. நாயரின் உழைப்பால் அதன் சுருள்கள் சிற்றூர்ச் சங்கங்களுக்கும் கிடைத்தன. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களோடு திருவனந்தபுரத்தில் சித்ரலேகா சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு கேரளத்தில் சங்கம் இல்லாத ஊரைத் தேட வேண்டியிருந்தது.

அப்பாஸ் மீண்டும் இங்கே வருகிறார். ‘நான்கு நகரங்களின் கதை’ என்ற தமது குறும்படத்தை வெட்டச் சொன்னதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1970இல் வந்த தீர்ப்பு முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தணிக்கை என்றால் என்ன, அதன் எல்லை எது என்று நாடு முதன்முறையாக உரக்கப் பேசியது அவரால்தான்.

நெருக்கடி நிலைக் காலத்தையும் இங்கே பதிய வேண்டும். ஒரு காலத்தில் நம் துணைத் தலைவராக இருந்தவரின் ஆட்சியில்தான் ‘ஆந்தி’ படத்தின் திரையிடல் நிறுத்தப்பட்டது. அம்ரித் நஹாட்டாவின் ‘கிஸ்ஸா குர்சி கா’ கைப்பற்றப்பட்டு அழிக்கப்பட்டது. அமைச்சகத்தின் நட்பு வேறு, உரிமை வேறு என்பதை நம் மூத்தவர்கள் அந்த மாதங்களில் கற்றார்கள்.

எழுபதுகளின் இறுதியும் எண்பதுகளும் நம் வசந்தகாலம். 1978இல் ஃபிலிமோத்சவ் திரைப்பட விழா சென்னைக்கு வந்தது. இந்த வரிகளை எழுதுகிறவன் அந்தக் காலத்தில் ஒரு சிறு சங்கத்துக்காக ரீல் பெட்டி சுமந்தவன். பார்சல் ஆபீஸில் ரசீதைக் காட்டித் தகரப் பெட்டியை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம். மூடியைத் திறந்தால் புளித்த காடி வாசனை அடிக்கும். இருந்தது ஒரே ஒரு 16 எம்.எம். புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட வேண்டும். தூதரகப் படங்கள் சிலவற்றில் துணைத் தலைப்பு இருக்காது. கதைச் சுருக்கத்தை சைக்ளோஸ்டைல் எடுத்து வாசலில் கொடுப்போம். படம் அறுந்தால் பிலிமை ஒட்டும் வரை ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். அந்தத் தாள்களில் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன, மை வெளிறி, ஓரம் பொடிந்து.

கோழிக்கோட்டில் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 1984இல் ஒடேசா என்ற திரைப்பட அமைப்பைத் தொடங்கினார்கள். சாப்ளினின் ‘த கிட்’ படத்தை ஊர் ஊராகத் திரையிட்டு, மக்கள் தந்த சில்லறையில் ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். தமிழில் ஜான் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ தேசிய விருது பெற்றும், எதிர்ப்புக்குப் பணிந்து தூர்தர்ஷன் அதன் ஒளிபரப்பைக் கைவிட்டது. சங்கங்களோ அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டின.

1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் உச்ச நீதிமன்றம் நமக்கு ஒரு பெரிய பிடிமானத்தைத் தந்தது. ஆர்ப்பாட்டமும் வன்முறையும் நடக்கும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையை முடக்கக் கூடாது என்றது தீர்ப்பு. இடஒதுக்கீடு பற்றி அந்தப் படம் சொன்னதில் நம்மில் பலருக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அதைக் காட்டும் உரிமையை நாம் ஆதரித்தோம்.

தொண்ணூறுகளில் சங்கங்கள் ஊட்டி வளர்த்த ரசனை விழாக்களாக விரிந்தது. 1996இல் கோழிக்கோட்டில் கேரள சர்வதேச விழா தொடங்கியது. 2003 முதல் சென்னைக்கும் சொந்த விழா வாய்த்தது. வீடியோ வந்து, ரீல் பெட்டி ஓய்வு பெற்றது.

விழா வளர வளர நெருக்கடியும் வளர்ந்தது. 2004 மும்பை விழாவுக்கு இந்திய ஆவணப்படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று ஆணை வந்தது. இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு அதைத் திரும்பப் பெறச் செய்தார்கள். பிறகு ராகேஷ் சர்மாவின் ‘ஃபைனல் சொல்யூஷன்’ உட்பட பல படங்கள் தேர்விலேயே கழிக்கப்பட்டன. இயக்குநர்கள் அருகிலேயே ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவை நடத்திக் காட்டினார்கள். கழிக்கப்பட்ட அந்தப் படம் அதே மாதம் பெர்லினில் பரிசு பெற்றது.

2017இல் கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பட்டியலிலிருந்து ‘எஸ் துர்கா’வும் ‘நியூட்’டும் அமைச்சகத்தால் நீக்கப்பட்டன. நடுவர் குழுத் தலைவர் சுஜாய் கோஷ் பதவி விலகினார். அதே ஆண்டு கேரள ஆவணப்பட விழாவில் ரோஹித் வேமுலா, காஷ்மீர், ஜே.என்.யூ. குறித்த மூன்று படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழிலிருந்து விதிவிலக்கு மறுக்கப்பட்டது.

2019இல் அதே விழாவில் ஆனந்த் பட்வர்தனின் ‘விவேக்’ படத்துக்கும் விதிவிலக்கு கிடைக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் உயர்ந்த விருது பெற்ற படம் அது. இம்முறை கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது. திருவனந்தபுரத்தில் பிரதிநிதி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் சுமார் நான்கு மணி நேரம் உட்கார்ந்து அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தார்கள்.