பால்மரம் போய் செம்பனை வந்தது: கோலா கங்சார் வட்டாரத்தில் நிலம் மாறிய கதை

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுப் பாதுகாக்கப்படும் முதிய பால்மரம் ஒன்று நிற்கிறது. பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டு, கன்றுகளாக 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில கோலா கங்சாரில் பேராக் மாநில பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையில் எஞ்சிய மரமாக இது கருதப்படுகிறது. மலாயாவின் பொருளாதாரத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தாங்கிய பயிர் வேர்விட்ட ஊர் இது. இன்று அந்த மரத்தைச் சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய தோட்டங்கள் இருந்த பக்கம் போனால் கண்ணில் படுவது பெரும்பாலும் செம்பனைதான்.

கன்று வந்த உடனே தோட்டம் வந்துவிடவில்லை. அன்றைய தோட்டக்காரர்கள் காப்பியை நம்பினார்கள். ரப்பரைப் பரிசோதனைப் பயிராகத்தான் பார்த்தார்கள். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. மரத்துக்குக் கேடில்லாமல் திரும்பத் திரும்பப் பால் வெட்டும் முறையை அதே பத்தாண்டில் சிங்கப்பூர் பூங்காவின் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தியிருந்தார். பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயர் வந்தது. 1910இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பேராக் ஆற்றுச் சமவெளியை ஒட்டியும் சுங்கை சிப்புட் பக்கமும் காடு வெட்டப்பட்டு ரப்பர் நிரைகள் எழுந்தன.

அந்த நிரைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். விளைவாகக் காட்டின் நடுவே தனி ஊர்களே உருவாயின. லயன் வீடுகள், பெரட்டுக் களம், ஆலை, கிராணி வீடு, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் ஒரே கம்பெனியின் நிலத்தில் இருந்தன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலையும் வீடும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஓர் ஏற்பாடே அடிப்படை.

அந்த ஏற்பாடு எவ்வளவு இரக்கமற்றது என்பதை முதலில் காட்டியது 1930களின் பொருளாதார மந்தம். 1932இல் ரப்பர் விலை ராத்தலுக்கு 2 பென்ஸ் அளவுக்கு வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே வேர்விட்டவர்கள்.

அடுத்த மாற்றம் துப்பாக்கியோடு வந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் மற்றொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பிய தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரம் சிதறிக் கிடந்த சீனக் குடியிருப்புகள் புதுக்கிராமங்களில் கூட்டப்பட்ட கதை பலரும் அறிந்தது. தோட்டங்களின் உட்பிரிவுகளில் தள்ளித் தள்ளி இருந்த லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

<b>துண்டாடல்</b>

விடுதலையை ஒட்டி ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் தரகர்கள். மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றார்கள். பத்து ஏக்கர் வாங்கியவர் தன் குடும்பத்தை வைத்தே பால் வெட்டிக்கொள்வார். அவருக்கு லயமும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம். இந்தத் துண்டாடலின் பாதிப்பைப் பேராசிரியர் உங்கு அசிஸ் 1960களின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்தார்.

தொழிலாளர் தரப்பிலிருந்து வந்த உருப்படியான பதில் ஒன்று இந்த மண்ணின் மைந்தரிடமிருந்து வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளி வீதம் தொழிலாளர்கள் போட்ட பணத்தில், விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவது திட்டம். முதல் தோட்டமாகக் கெடாவின் புக்கிட் சீடிம் வாங்கப்பட்டது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று அன்றே புரிந்துகொண்ட முயற்சி அது. எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானதும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த குடும்பங்கள் பல இந்தியாவுக்குத் திரும்பின.

<b>செம்பனைக் கணக்கு</b>

பால்மரத்துக்கும் செம்பனைக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஆள் கணக்கில் இருக்கிறது. ரப்பரில் விடியுமுன் மரத்துக்கு மரம் போய் வெட்ட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் வெட்டக்கூடியது சுமார் 500 மரம். பிறகு பாலை எடுக்க வேண்டும், ஒட்டுப்பாலைப் பிரிக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்த வேலை அது. செம்பனையிலோ ஒரே மரத்துக்கு 10 முதல் 15 நாளைக்கு ஒருமுறைதான் குலை வெட்டப் போவார்கள். அதே பரப்புக்கு ரப்பருக்குத் தேவைப்பட்டதில் பாதி ஆள் இருந்தாலே போதும். மரம் மூன்றாம் ஆண்டே காய்க்கத் தொடங்கும். பால்மரத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து மகரந்தச் சேர்க்கைக்கான வண்டு கொண்டுவந்து விடப்பட்டதும், கையால் மகரந்தம் தூவும் வேலைகூட இல்லாமல் போனது. தோட்டப் பெண்கள் செய்துவந்த வேலை அது.

1960இல் நாட்டில் செம்பனை சுமார் 54,000 ஹெக்டர்தான். 1980இல் அது பத்து லட்சம் ஹெக்டரைத் தொட்டது; 2018இல் 58 லட்சத்தைத் தாண்டியது. இருபது லட்சம் ஹெக்டர் இருந்த ரப்பர் அதற்குள் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. எஞ்சியதில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிறுதோட்டக்காரர்களுடையது. கோலா கங்சார் பக்கக் கம்பங்களிலும் மலைச் சரிவுகளிலும் இன்னும் பால் வாளி தொங்குவது அதனால்தான். பெரிய தோட்டங்கள் மாறின. முதலாளிகளும் மாறினார்கள்: 1981 செப்டம்பரில் கத்ரி நிறுவனத்தின் பங்குகள் லண்டன் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் மலேசியாவின் கைக்கு வந்தன. கொடி மாறினாலும் லயத்தின் கதவு எண் மாறவில்லை. குலை வெட்டும் வேலை குத்தகைக்குப் போனது. குத்தகைக்காரர் இந்தோனேசியர்களையும் வங்கதேசிகளையும் கொண்டுவந்தார்.

<b>ஈப்போ வடக்கே நகர்ந்தது</b>

1985இல் உலக ஈயச் சந்தை உடைந்ததும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத் தொழில் அநேகமாக முடிந்தது. ஈப்போ மட்டும் நிற்கவில்லை. 1988இல் மாநகராகி, வடக்கே மேரு, கிளேபாங், செம்மோர் என்று நீண்டது. மெனோரா சுரங்கப்பாதை வழியாக வந்த வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஈப்போவையும் கோலா கங்சாரையும் அரைமணி நேரத் தொலைவாக்கியது.

வீடமைப்பு நிறுவனங்களுக்குத் தோட்ட நிலத்தின்மீது கண் விழுந்ததில் வியப்பில்லை. நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு ஒரே கிராண்ட், ஒரே உரிமையாளர். ஈய லம்பத்து மணலைப் போல நிலம் அமிழ்வதில்லை, உள்ளே பாதையும் போட்டிருக்கும். தோட்டம் தாமானாகும்போது அங்கு வீடு வாங்கும் வசதி லயத்தில் வாழ்ந்தவருக்கு இருப்பதில்லை. அவர் நகரோரப் புறம்போக்கு நிலத்துக்கோ மலிவு அடுக்குமாடிக்கோ போனார். 1970இல் நாட்டின் இந்தியர்களில் மூன்றில் ஒரு பங்கினரே நகரவாசிகள். 2000இல் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர். பள்ளிகளிலும் இதே கணக்குத்தான். விடுதலையின்போது 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு. பேராக்கில் மட்டும் 134. எல்பில், ஹேவுட், டோவன்பி என்று தோட்டங்களின் பெயர் தாங்கிய பள்ளிகள் சுங்கை சிப்புட் பகுதியில் இன்னும் நடக்கின்றன.

இன்னமும் லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்குச் சில விவரங்கள் தேவைப்படும். 40 ஹெக்டருக்கு மேற்பட்ட தோட்ட நிலத்தை விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தோட்டம் கைமாறி, புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வராவிட்டால், ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆண்டுக்கு 20 நாள் சம்பள வீதம் இழப்பீடு உண்டு. வீட்டுக்கு அப்படி ஒரு கணக்கு அந்த விதிமுறையில் இல்லை. கோயில், பள்ளி, மயானம் ஆகியவற்றுக்குத் தனிக் கிராண்ட் இருக்கிறதா, அல்லது அவை தோட்டத்தின் கிராண்டுக்குள்ளேயே அடங்கியுள்ளனவா என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். விற்பனைப் பேச்சு எழுவதற்கு முன்பே இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.