யாருக்கும் தெய்வமில்லாத முயல்

கணினி வரைகலை படித்தவர்களில் அந்த முயலை ஒருமுறையாவது வதைக்காதவர்கள் குறைவு. கண்ணாடியில் வார்த்துச் சிதறடித்திருக்கிறார்கள். மெழுகாக்கி உருக்கியிருக்கிறார்கள். ஜெல்லியாக்கித் தரையில் போட்டு, எப்படிக் குலுங்குகிறது என்று பார்த்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் ரோமம் முளைக்கவைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் திரையில் அதன் மேனியாக அமையும் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, எந்தக் கட்டத்தில் அது முயல்தான் என்று கண் ஒப்புக்கொள்ள மறுக்கிறது என்று சோதித்திருக்கிறார்கள். ‘ஸ்டான்ஃபோர்டு முயல்’ என்று இன்று உலகம் சொல்லும் இந்தப் பிராணி திரையில் பிறந்ததல்ல. அதற்கு மண்ணாலான ஓர் உடம்பு உண்டு. அந்த உடம்பு ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கப்பட்டது.

கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் ஊர் பாலோ ஆல்டோ. அதன் கடைத்தெரு யுனிவர்சிட்டி அவென்யூ. 1990களின் முற்பாதியில் ஓர் ஈஸ்டர் சமயம். ஈஸ்டர் வந்துவிட்டால் அமெரிக்கக் கடைகளில் சாக்லேட்டிலிருந்து பஞ்சு பொம்மை வரை எல்லாமே முயலாகிவிடும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அலங்காரப் பொருள் விற்கும் கடையொன்றிலும் சுடுமண் முயல்கள் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பார்த்து நின்றவர் கிரெக் டர்க். முனைவர் பட்டம் முடித்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டு வரைகலை ஆய்வகத்தில் மார்க் லெவாயுடன் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு முயலை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார்.

அவர் பார்த்தது அழகை மட்டுமல்ல, தொழிலையும்தான். லேசர் ஸ்கேனருக்கு எல்லாப் பொருளும் ஒத்துவராது. பளபளக்கும் பித்தளை ஒளியை ஒரே திசையில் தெறிக்கவிட்டுவிடும். கண்ணாடி அதை உள்ளே விட்டுவிடும். கறுப்பு வெல்வெட் விழுங்கிவிடும். தலைமுடி, ரோமம் என்றால் எந்த இழையில் பட்டது என்றே தெரியாது. மெருகில்லாத சுடுமண் அப்படியல்ல. விழுந்த ஒளியை எல்லாத் திசையிலும் சீராகப் பரப்பும். அதுவும் செம்மண் நிறமென்றால் சிவப்பு லேசருக்கு இன்னும் தோது. உருவமும் வாய்ப்பாக இருந்தது: முதுகு வழுவழுப்பு, தொடையில் மேடுபள்ளம், காதுகளுக்கு நடுவே குறுகலான இடுக்கு. சுலபமும் சிக்கலும் ஒரே பொம்மையில் கிடைத்தன. அளவோ ஒரு சாணுக்குள்.

அந்தப் பொம்மையை முதலில் உருட்டித் திரட்டியவர் யார் என்ற பேச்சு ஆய்வுக் கட்டுரைகளில் எழுவதில்லை. படத்தை வெளியிடுகிறவர்கள் நன்றி சொல்வது ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்துக்கு. ஆய்வகம் கேட்டுக்கொள்வதும் அதைத்தான். கணினி வரைகலையில் மிக அதிகம் தீட்டப்பட்ட உருவங்களில் ஒன்றுக்கு ஒரு சிற்பி இருந்தார் என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்கு இது உறுத்துகிறது.

இதற்கு முன்னாலும் இந்தத் துறையில் ஒரு பொருள் புகழோடு இருந்தது: யூட்டா தேநீர்க் கெண்டி. 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுக் கெண்டியைப் பார்த்து வரைந்து, வளைகோடுகளின் எண்களைக் கணினியில் ஏற்றினார். அங்கே கண்ணும் கையும்தான் கருவி. கெண்டியின் வளைவுகள் கணிதத்துக்கு அடங்குபவை. அதனால் அது முடிந்தது. முயலின் தொடையை அப்படி எழுதிவிட முடியாது. அதற்கு அளக்கும் ஒளி வேண்டும்.

அந்த ஒளி மான்டெரேயிலிருந்த சைபர்வேர் என்ற நிறுவனத்தின் 3030 வகை ஸ்கேனரிலிருந்து வந்தது. சைபர்வேர் கருவிகள் அதற்கு முன்பே சினிமாவில் மனிதத் தலைகளை அளந்து பழகியவை. 1986இல் வந்த நான்காவது ஸ்டார் டிரெக் படத்துக்காக நடிகர்களின் தலைகள் அப்படித்தான் எண்களாயின. வேலை செய்யும் விதம் எளிது. லேசர் ஒளியை மெல்லிய தகடுபோல் விரித்துப் பொருளின் மேல் விழவிட்டால் ஒரு சிவப்புக் கோடு தெரியும். லேசர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது நேர்கோடு. கொஞ்சம் தள்ளிச் சாய்வாக வைத்த கேமராவிலிருந்து பார்த்தால் கோடு வளையும், மாடிப்படியில் விழும் கொடிக்கயிற்றின் நிழல் படிக்குப் படி மடங்குவதுபோல. எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து முக்கோணக் கணிதப்படி அந்த இடத்தின் ஆழம் கிடைத்துவிடும். கோட்டை நகர்த்திக்கொண்டே போனால் ஒரு பக்கம் முழுவதும் அளந்தாகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும்தான். கேமராவுக்கும் லேசருக்கும் ஒரே நேரத்தில் தெரியாத இடம் கணக்கில் வராது. ஆகவே முயலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பத்து முறை அளந்தார்கள். அந்தப் பத்துக் கோப்புகளும் இன்றும் ஸ்டான்ஃபோர்டின் தொகுப்பில் கிடைக்கின்றன. அவற்றின் பெயர்களைப் படித்தாலே அந்த வேலை கண்ணில் தெரியும். 0, 45, 90, 180, 270, 315 பாகைகள் என ஆறு சுற்றுப் பார்வைகள். பிறகு ‘மேல் 2’, ‘மேல் 3’. ‘மேல் 1’ என்ற ஒன்று இல்லை, அதற்கு என்ன ஆயிற்றோ. பிறகு ‘மோவாய்’. கடைசியாக ‘காதின் பின்புறம்’. சுற்றி வந்த பார்வைக்கு மோவாய்க்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் இருந்த நிழல் எட்டவில்லை. அதற்காகவே அந்த இரண்டும் தனியாக எடுக்கப்பட்டிருக்கின்றன. பத்திலும் சேர்த்து 3,62,272 புள்ளிகள்.

உண்மையான சிரமம் இதற்குப் பிறகுதான். பத்துத் துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று பாதி படிந்து, தனித்தனி நிலைகளில் கிடக்கும். முதலில் அவற்றை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பெஸ்ல், மெக்கே என்ற இருவர் 1992இல் வெளியிட்ட வழி இருந்தது: ஒரு துண்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் மிக அருகிலிருக்கும் புள்ளியைக் கண்டுபிடி, மொத்த இடைவெளி குறையும்படி துண்டை நகர்த்து, திரும்பவும் கண்டுபிடி, திரும்பவும் நகர்த்து. டர்க்கும் லெவாயும் அதைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தினார்கள். பொருந்தியபின், இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடத்தில் மிகையான முக்கோணங்களைக் கத்தரித்துவிட்டு, இரண்டு விளிம்புகளையும் பல்லோடு பல்லாகக் கோத்தார்கள். 1994இல் கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டில் வெளியான அவர்களுடைய கட்டுரை இதற்கு ‘ஜிப்’ போடுவது என்றே பெயர் வைத்தது. முயலின் கோப்புப் பெயரில் அந்த ஜிப் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோத்து முடித்தபோது முயலுக்கு 35,947 முனைகள், 69,451 முக்கோணங்கள்.

அந்தக் கோப்பை எழுத்து திருத்தும் எந்த மென்பொருளிலும் திறந்து படிக்கலாம். அதற்கான வடிவத்தையும் டர்க்தான் அந்த ஆண்டுகளில் வகுத்தார். பிஎல்ஒய் என்ற அந்த வடிவத்தை முப்பரிமாண ஸ்கேனர்கள் இன்றும் எழுதுகின்றன. தலைப்பு வரிகள் முடிந்ததும் முதல் முனை: -0.0378297 0.12794 0.00447467 0.850855 0.5. முதல் மூன்றும் இடத்தைச் சொல்பவை. நான்காவது எண்தான் எனக்குப் பிடித்தது. அது அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான மதிப்பு. ஒளி நேராக விழுந்த பரப்பென்றால் மதிப்பு கூடும். சாய்வாகத் தேய்த்துக்கொண்டு போன விளிம்பென்றால் குறையும். துண்டுகள் கலக்கும் இடத்தில் நம்பத்தக்க புள்ளியின் சொல்லே எடுபடும். சாட்சி எங்கே நின்று பார்த்தான் என்பதையும் சேர்த்து எழுதிவைத்த வாக்குமூலம் அது. இன்று கைபேசியைப் பொருளைச் சுற்றி ஒரு வட்டம் காட்டினால் முப்பரிமாண உருவம் வந்துவிடுகிறது. ஆனால், அதில் எதை நம்பலாம், எது மென்பொருள் தானே இட்டுக்கட்டியது என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

முயல் அந்த விஷயத்தில் மறைக்கத் தெரியாதது. அதன் அடிப்பாகத்தில் ஐந்து ஓட்டைகள். பொம்மையே உள்ளே கூடாக வார்த்தது. இரண்டு ஓட்டைகள் மண்ணிலேயே இருந்தவை. மீதி மூன்றும் ஒளி எட்டாததால் வந்தவை. பத்துப் பார்வைகளில் அடியிலிருந்து பார்த்தது ஒன்றுகூட இல்லையே. படம் வரைகிறவர்களுக்கு இது தொல்லையில்லை. முயல் தரையில்தானே உட்கார்ந்திருக்கிறது. அதைத் திண்மப் பொருளாக எண்ணி நசுக்கவோ நீர் நிரப்பவோ வருகிறவர்கள் முதலில் அடியை அடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கோப்பு இலவசமாகக் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். 1990களின் நடுவில் இது சின்ன விஷயமல்ல. ஸ்கேனர் விலையுயர்ந்த சாதனம், நிஜ உலகிலிருந்து அளந்தெடுத்த தரவு கையில் உள்ளவர்கள் மிகக் குறைவு. முயலின் மேனியில் ஸ்கேனர் விட்டுச்சென்ற மெல்லிய சொரசொரப்பு இருந்தது. கையால் வரைந்த உருவங்களில் அது வராது. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கார்லண்டும் ஹெக்பெர்ட்டும் 1997இல் முக்கோணங்களைக் குறைக்கும் புகழ்பெற்ற முறையை வெளியிட்டபோது, 69,451ஐ ஆயிரமாக இறக்கிக்காட்டியதும் இந்த முயலின் மேல்தான். அதன்பின் வந்தவர்கள் முன்னவரோடு ஒப்பிடவேண்டும் என்பதற்காகவே முயலை எடுத்தார்கள். பழக்கம் வழக்கமாகியது. நேர்மையாகச் சொன்னால், வெகு காலமாகவே அது கடினமான தேர்வு இல்லை. இன்றைய கணினிக்கு எழுபதாயிரம் முக்கோணம் ஒரு பொருட்டே அல்ல. முயலின் மேல் மட்டும் வெற்றி பெற்ற முறையைக் கண்டால் கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள் புருவம் உயர்த்துவது நியாயம்தான்.

ஆனால், அதே ஆய்வகத்தின் தொகுப்பிலுள்ள மற்ற உருவங்களோடு வைத்துப் பார்த்தால் முயலின் விதி வேறு மாதிரியானது. தொகுப்பில் ஒரு புத்தர் இருக்கிறார், சீன டிராகன் இருக்கிறது, லூசி என்ற கிறிஸ்தவத் தேவதை இருக்கிறாள், தாய்லாந்துச் சிலை ஒன்று இருக்கிறது. இவற்றைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பயனர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறது: இவை மக்கள் வணங்குகிற, மதிக்கிற உருவங்கள்; தாய்லாந்துச் சிலையில் இந்துக்களுக்குப் புனிதமான அம்சங்களும் உண்டு. ஆகவே இவற்றை உருக்காதீர்கள், வெடிக்கவைக்காதீர்கள், ஒன்றை இன்னொன்றாக உருமாற்றாதீர்கள். அப்படிச் செய்து பார்க்க வேண்டுமானால் முயல் இருக்கிறது, ஆர்மடில்லோ பொம்மை இருக்கிறது. அவற்றை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

1998–99இல் லெவாய் தன் குழுவோடு இத்தாலிக்குப் போய் மைக்கேலாஞ்சலோவின் சிலைகளை அளந்தார். ஃபிளாரன்ஸ் நகரிலுள்ள டேவிட் மட்டும் ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். கால் மில்லிமீட்டர் நுணுக்கத்தில் சுமார் இருநூறு கோடி முக்கோணங்கள். அதைத் தெருவில் போகிறவர் எடுத்துக்கொள்ள முடியாது. இத்தாலிய அதிகாரிகளோடு செய்த ஒப்பந்தம் காவலிருக்கிறது. பொதுமக்களுக்காக அவர்கள் எழுதிய மென்பொருளும், முழு நுணுக்கமுள்ள உருவத்தைக் கையில் கொடுக்காமல் தூரத்துச் சர்வர் வரைந்த படத்தை மட்டுமே அனுப்பியது. உலகமே கொண்டாடும் கலைப்பொருள் அலமாரியில் பூட்டிக்கிடக்க, கடைத்தெருவில் வாங்கிய பொம்மை ஆயிரம் பேர் கையில் புழங்கியது. விலைமதிப்பில்லாதவற்றைப் பிரதி எடுப்பதுதான் எண்முறைப் பாதுகாப்பின் பெருமை என்று பேசுகிறோம். புழங்கிப் புழங்கி நிலைத்ததென்னவோ மதிப்பே இல்லாதது.

மண் முயல் இதற்கிடையில் இன்னொரு முறையும் அளக்கப்பட்டது. 2000 ஜனவரியில் அதை ஸ்டான்ஃபோர்டு கதிரியல் துறையின் சிடி ஸ்கேனரில் படுக்கவைத்தார்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தைச் சேர்ந்த டெர்ரி யூ வழியாக அந்தத் தரவு வெளிவந்தது. லேசர் தோலை மட்டும்தான் தொட்டது. எக்ஸ் கதிர் ஊடுருவிப் போயிற்று. 512-க்கு 512 என்ற அளவில் 361 குறுக்குவெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் சுடுமண் ஓடு வெளிறிய வளையமாகத் தெரிய, நடுவே வெற்றிடம். நோயாளிகளின் எலும்பையும் தசையையும் அளக்கும் அதே அலகில் பொம்மையின் மண்ணும் பதிவாகியிருக்கிறது. மருத்துவப் படங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது நல்ல சோதனைப் பொருள்: அந்தரங்கம் காக்க வேண்டிய நோயாளி இல்லை, அனுமதிப் படிவமும் வேண்டாம்.

கடைசியாக முயலுக்கு மரபணு கிடைத்தது. இது உவமை அல்ல. 2019 டிசம்பரில் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில், சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிராஸ், இஸ்ரேலைச் சேர்ந்த யானிவ் எர்லிக் ஆகியோரின் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. முயலின் உருவத் தரவு 45 கிலோபைட். அதை டிஎன்ஏ எழுத்துகளாக மாற்றி, அந்த இழைகளை மிக நுண்ணிய சிலிக்கா மணிகளுக்குள் அடைத்து, மணிகளைப் பிளாஸ்டிக்கில் கலந்து, அந்தப் பிளாஸ்டிக்கிலேயே முயலை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள். தன்னை எப்படிச் செய்வது என்ற குறிப்பைத் தன் உடம்பெங்கும் சுமக்கும் முயல். அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கரைத்து, டிஎன்ஏவைப் படித்து, பெருக்கி, அடுத்த முயலை வார்த்தார்கள். அந்த முயலிலிருந்து அதற்கடுத்தது. புதிதாக டிஎன்ஏ செய்யாமலே ஐந்து தலைமுறைகள். குறிப்பு எதுவும் சிதையவில்லை.

துணுக்கை வெட்டி எடுத்தது காதிலிருந்து. ஸ்டான்ஃபோர்டின் வேண்டுகோள்படி அதற்குத் தடையேதும் இல்லை.