கொக்கியில் தொங்கிய பயில்வான்கள்

கடைக்குள் ஒரு குழந்தை தானாக நடந்துபோய், அலமாரியிலிருந்து தானாகவே ஒரு பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்ப்பது ரொம்பப் பழைய வழக்கம் கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரைக்கும் அமெரிக்காவிலேயே பொம்மை என்பது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் சரக்குதான். 1948இல் வாஷிங்டனில் சார்லஸ் லாசரஸ் என்பவர் தொட்டிலும் குழந்தைகளுக்கான மரச்சாமான்களும் விற்கக் கடை போட்டார். ஒரு வீட்டில் தொட்டிலை ஒருமுறை வாங்கினால் அதோடு சரி. பொம்மை அப்படியில்லை, உடையும், சலிக்கும், குழந்தை வளரும், மறுபடி வாங்கணும். இதைப் புரிந்துகொண்ட லாசரஸ் 1957இல் பொம்மைக்கென்றே ஒரு கடை திறந்து 'டாய்ஸ் ஆர் அஸ்' என்று பெயர் வைத்தார். சூப்பர்மார்க்கெட் மாதிரி வரிசை வரிசையாக அலமாரி. தள்ளுவண்டியை நீங்களே தள்ளிக்கொண்டு போகலாம்.

80களிலும் 90களின் தொடக்கத்திலும் வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளின் பொம்மைக்கடை நினைவுகள் இந்த வரிசைகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. சுவர் முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் அட்டைகள், அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் ஒரு மல்யுத்த வீரர். முன்னால் தொங்குபவர் நமக்கு வேண்டியவராக இருக்க மாட்டார். அவருக்குப் பின்னால் யார் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் மற்ற வீரர்களின் படங்கள் இருக்கும். அதாவது, கையில் ஒன்றை வைத்திருக்கும்போதே இன்னும் இல்லாதவை எவையெவை என்று அதுவே சொல்லிவிடும். பொம்மைக் கம்பெனிக்காரன் சும்மாவா அச்சடித்தான்!

பையன்கள் இப்படி பொம்மை வாங்குவதே 1964க்குப் பிறகு வந்த சங்கதி. அந்த வருஷம் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆண்பிள்ளைக்குப் பெற்றோர் 'டால்' வாங்கித் தர மாட்டார்கள் என்ற பயத்தில் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. நமக்கு எல்லாமே பொம்மைதான்.

மல்யுத்தம் இந்தக் கொக்கிகளுக்கு வந்தது 1984இல். அந்த ஜனவரியில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அயர்ன் ஷேக்கை வீழ்த்தி ஹல்க் ஹோகன் சாம்பியன் ஆனார். வின்ஸ் மக்மேனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். வட்டாரக் கேளிக்கையாக இருந்த மல்யுத்தத்தை நாடு முழுக்கக் கொண்டுபோகத் தொடங்கியது. அதே வருஷம் ரேகன் அரசின் தகவல் தொடர்பு ஆணையம் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு இருந்த நேரக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1985இல் முதல் ரெஸில்மேனியா நடந்தது, சனிக்கிழமை காலைகளில் ஹோகனை வைத்து ஒரு கார்ட்டூனும் வந்தது. நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்று பிரிக்க முடியாத காலம் அது.

முதலில் உரிமம் வாங்கியது எல்.ஜே.என். என்ற கம்பெனி. எட்டங்குல உயரம், கெட்டியான ரப்பர், கை கால் எதுவும் அசையாது. கையில் எடுத்தால் கனக்கும். அடுத்தவன் மண்டையில் போட்டால் நிஜமாகவே வலிக்கும். 1990இல் உரிமம் ஹாஸ்ப்ரோவுக்குப் போனது. இப்போது நாலரை அங்குலம், பிளாஸ்டிக், உள்ளே ஸ்பிரிங். கையைப் பின்னால் இழுத்து விட்டால் ஒருவர் குத்துவார். காலை அழுத்தி விட்டால் இன்னொருவர் குதிப்பார். 1994 வரைக்கும் அந்த வரிசை ஓடியது.

ஒரு பொம்மை ஒரு வீரரின் பாதையையே மாற்றியதுண்டு. சார்ஜென்ட் ஸ்லாட்டர் ராணுவ வேஷத்தில் மோதுபவர். ஹாஸ்ப்ரோ அவரையே ஜி.ஐ. ஜோ வரிசையில் பொம்மையாக்க விரும்பியது. ஆனால் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஏற்கெனவே எல்.ஜே.என். உடன் கைகோத்திருந்தது. இந்தத் தகராறில்தான் கம்பெனியை விட்டு வெளியேறியதாக அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1990இல் திரும்பி வந்து, வளைகுடாப் போர்ச் சமயத்தில் ஈராக் ஆதரவாளராக வேஷம் கட்டி, 1991 ஜனவரியில் சாம்பியனும் ஆனார். அதற்குள் உரிமம் ஹாஸ்ப்ரோவிடம் வந்துவிட்டதால் அவர்களே அவரை மறுபடியும் பொம்மை ஆக்கினார்கள், இந்த முறை மல்யுத்த வரிசையில்.

கடைக்கு வரும் பெட்டிக்குள் எல்லாரும் கலந்துதான் இருப்பார்கள். ஹோகன் மட்டும் வேணும் என்று கடைக்காரர் கேட்டு வாங்க முடியாது. பெட்டி பிரித்த அன்றைக்கே ஹோகனும் அல்டிமேட் வாரியரும் போய்விடுவார்கள். மிஞ்சியவர்கள் கொக்கியிலேயே கிடந்து அட்டை வளைந்து நிற்பார்கள். விற்காத சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளும் கே-பி போன்ற மால் கடைகளில் இப்படிப்பட்டவர்களின் கூட்டமே இருக்கும். ஹோகனைத் தேடி வந்த பிள்ளை, டிவியில் வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்த யாரையோ தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

ஆனால் அந்தப் பிள்ளையின் கட்டில்மேல் அதே ஆள் தோற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டிவியில் யார் ஜெயிப்பது என்பதைக் கம்பெனி எழுதியது. 1989இல் நியூஜெர்சி மாநில செனட் முன்னால், விளையாட்டுத் துறை விதிகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, இது போட்டி இல்லை, கேளிக்கைதான் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு அது செய்தி. பிள்ளைகளோ அதற்கு முன்பிருந்தே வீட்டில் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் சாம்பியன், யார் துரோகி, யாருக்கு மறுவாய்ப்பு எல்லாம் அங்கே பொம்மை வைத்திருப்பவர் முடிவு. கடையில் மிஞ்சியவனுக்கும் ஒரு பெல்ட் கிடைத்தது.

கேபிள் டிவி வந்த பிறகு நம்மூருக்கும் இதே ஆட்கள் வந்தார்கள். ஆனால் நம்மில் பலருக்கு அவர்கள் பொம்மையாக அல்ல, பெட்டிக்கடையில் தொங்கிய டிரம்ப் கார்டாகத்தான் கைக்குக் கிடைத்தார்கள். ரேங்க், உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ். கார்டில் எண் பெரிசாக இருந்தால் ஜெயிப்பு, அவ்வளவுதான். அங்கே உடம்பு ஸ்பிரிங் ஆனது, இங்கே நம்பர் ஆனது. இரண்டுக்கும் அடியில் நிஜமான உடம்பு ஒன்று இருந்தது.

அந்த உடம்புகளின் கணக்கைப் பார்த்தால் மனசு கனக்கிறது. ஹாஸ்ப்ரோ வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கியவர்களில் ஆந்த்ரே த ஜயன்ட் 1993இல் 46 வயதில் போனார். ரிக் ரூட் 1999இல், 40. பிரிட்டிஷ் புல்டாக் 2002இல், 39. மிஸ்டர் பெர்ஃபெக்ட் 2003இல், 44. பிக் பாஸ் மேன் 2004இல், 41. அல்டிமேட் வாரியர் 2014இல், 54. வருஷம் முழுக்க ஊர் ஊராகப் பயணம், வலியோடு மறுநாளும் ஆட்டம், வலிமாத்திரை, ஸ்டீராய்டு. கம்பெனி அவர்களைத் தன் ஊழியர்களாகக் கருதவில்லை, 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள்' என்றுதான் கணக்கில் வைத்தது. பொம்மைக்கு ஸ்பிரிங் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இவர்களுக்கு மருத்துவச் செலவு சொந்தச் செலவு.

தன் முகத்தையும் குரலையும் விற்ற பணத்தில் தன் பங்கு எங்கே என்று வழக்குப் போட்டவர் ஜெஸ்ஸி வென்சுரா. மல்யுத்த வீரராக இருந்து வர்ணனையாளர் ஆனவர், அவருக்கும் எல்.ஜே.என். பொம்மை உண்டு. வழக்கு பொம்மைகளைப் பற்றியதல்ல, அவர் வர்ணனை செய்த வீடியோ கேசட்டுகளைப் பற்றியது. 1994இல் நடுவர் குழு அவருக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னது, 1995இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. மூன்று வருஷம் கழித்து மினசோட்டா மாநில ஆளுநர் தேர்தலிலும் ஜெயித்தார். ஆனால் இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் மிகச் சிலர்.

கடைகளும் போய்விட்டன. கே-பி 2009இல் மூடியது. 2018இல் டாய்ஸ் ஆர் அஸ் அமெரிக்கக் கடைகளை எல்லாம் இழுத்து மூடியது. வாங்கிய முதலீட்டு நிறுவனங்கள் ஏற்றிவைத்த கடன் சுமைக்கு அதில் பெரிய பங்கு. லாசரஸ் அதே வருஷம் மார்ச்சில், மூடப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்த சில நாட்களிலேயே இறந்துபோனார்.

இன்றைக்கு அந்தப் பொம்மைகள் சேகரிப்பாளர்களின் சந்தையில் இருக்கின்றன. அட்டை பிரிக்காமல், மடியாமல், குமிழ் மஞ்சளாகாமல் இருந்தால் எக்கச்சக்க விலை. எந்தப் பிள்ளையும் விளையாடாத பொம்மை அது. மூக்கில் சாயம் தேய்ந்து, ஷூவின் நிறம் உரிந்து, ஸ்பிரிங் தளர்ந்து, பின்பக்கம் யாரோ பேனாவால் முதலெழுத்தைக் கிறுக்கி வைத்ததெல்லாம் கூடை கூடையாக மலிவாகக் கிடைக்கும். டிவியில் வராத, எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடியவர்கள் அவர்கள்தான்.