இன்ஜினை அளந்த சட்டம், ஆளை அளந்த சட்டம்

இன்னைக்கு பிரிட்டனோட பைக் லைசென்ஸ் கதை. சாதாரண அரசாங்கக் காகிதம்தானேன்னு நினைச்சுத்தான் நானும் படிக்க ஆரம்பிச்சேன். ஆனால் அதுக்குள்ளே ஒரு நூற்றாண்டு வாக்குவாதம் இருக்கு.

1903-ல் மோட்டார் கார் சட்டம் வந்தது. அடுத்த ஜனவரியிலிருந்து ஐந்து ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ். காருக்கு 17 வயது ஆகணும், பைக்குக்கு 14 போதும். டெஸ்ட்? அப்படி ஒண்ணு கிடையாது. 1935 ஜூன் 1-ல்தான் தேர்வு கட்டாயமானது.

பைக் தேர்வில் ஒரு சிக்கல். காரில் அதிகாரி பக்கத்தில் உட்காரலாம், பைக்கில் முடியாது. அதனால் அவர் நடைபாதையில் நிற்பார். நீங்க தெருவைச் சுத்திட்டு வரணும். திடீர்னு அவர் கையைக் காட்டினால் பிரேக் போடணும். அவர் கண்ணுக்குத் தெரியாத தெருவில் எப்படி ஓட்டினீங்கன்னு யாருக்கும் தெரியாது.

ஆளை அளக்க முடியலை. சட்டம் இன்ஜினை அளந்தது. 1961-ல், எல் போர்டு மாட்டியவர்களுக்கு 250 சிசி வரைதான். 1971-ல், 16 வயசுப் பசங்களுக்கு 50 சிசி மொபெட் மட்டும், அதுவும் பெடல் இருக்கணும். கம்பெனிகளும் அதே சட்டத்தைப் படித்தன. யமஹா எஃப்எஸ்1-இ பேருக்குப் பெடலோடு வந்து, பசங்களோட கனவு வண்டியானது. 1978-ல் சுஸுகி எக்ஸ்7 வந்தது. 250 சிசிதான், ஆனால் மணிக்கு 100 மைல் போகும்னு விளம்பரம். தேர்வே எழுதாதவர் அதைச் சட்டப்படி ஓட்டலாம்! 1983-ல் வரம்பு 125 சிசியாகக் குறைந்தது.

1990 டிசம்பரில்தான் கேள்வியே மாறியது. சிபிடி என்கிற கட்டாய அடிப்படைப் பயிற்சி வந்தது. ஐந்து கட்டங்கள். மைதானத்தில் நம்ம ஊர் மாதிரியே எட்டுப் போடணும். பிறகு பயிற்சியாளர் பின்தொடர, குறைந்தது இரண்டு மணி நேரம் சாலையில் ஓட்டணும். இதில் பாஸ், ஃபெயில் இல்லை. ஒரு கட்டம் கைவந்தால்தான் அடுத்தது. 2013-லிருந்து ஏ1, ஏ2, ஏ என்று படிகள் தெளிவாகின: 11 கிலோவாட், 35 கிலோவாட், அதுக்கு மேல் வரம்பில்லை. படிப்படியாக வந்தால் 21 வயதில் பெரிய பைக். நேரடியாக வேணும்னா 24 வரை காத்திருக்கணும்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கு. சிபிடி சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும். முடிந்ததும் மறுபடி ஒருநாள் பயிற்சி. இப்படியே எத்தனை வருஷம் வேணும்னாலும், முழுத்தேர்வு எழுதாமலே 125 சிசி ஓட்டலாம். லண்டனில் எல் போர்டோடு சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களைப் பாருங்க. முழுநாளும் சாலையிலேயே இருப்பவர்களுக்கு, முதல் படியே கடைசிப் படியாகிவிடுது.

திறமையைப் பார்த்து ஏற்றிவிடும் ஏணி நல்ல யோசனைதான். ஆனா, ஏறுவதற்கான நேரமும் காசும் யாருக்கு இருக்குன்னும் சட்டம் கேட்கணும்னு எனக்குத் தோணுது.