சிமென்டின் மேல் விழுந்த பழி

தோட்டங்களில் வேலி போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். இரும்புக் கம்பத்தைக் குழியில் நிறுத்திச் சிமென்ட் கலவை ஊற்றுவது ஒரு வழி. முருங்கைப் போத்தை நட்டு, அது வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும்வரை காத்திருப்பது மற்றொரு வழி. தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்தும் மருத்துவர்களும் இவ்விரு வழிகளைப் பற்றித்தான் நெடுங்காலமாக வழக்காடி வருகிறார்கள்.

1890ஆம் ஆண்டையொட்டி பெர்லினில் கிளுக் என்ற மருத்துவர் யானைத் தந்தத்தில் மூட்டுகள் செய்து பொருத்திப் பார்த்தார். காசநோய் தாக்கிய மூட்டுகளாதலால் அவை நிலைக்கவில்லை. நம் கதை உண்மையில் தொடங்குவது இங்கிலாந்தில், 1958ஆம் ஆண்டையொட்டி. ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர், பல் மருத்துவர்கள் பொய்ப்பல் செய்யப் பயன்படுத்திய அக்ரிலிக் பொருளை எடுத்தார். பொடியையும் திரவத்தையும் கலந்தால் பிசைந்த மாவு போலாகும். சில நிமிடங்களில் சூடேறி இறுகிவிடும். அதைத் தொடையெலும்பின் குழலுக்குள் அடைத்து, உலோகத் தண்டை அதில் இறக்கினார். இது பசையன்று, இடைவெளியை நிரப்பும் சாந்து என்பதை அவர் வலியுறுத்தினார்.

தண்டின் தலையிலுள்ள உலோக உருண்டை சுழலும் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். அங்கேதான் சறுக்கல். சுமார் 300 பேருக்குப் பொருத்திய பின், சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. தேய்மானத் துகளால் சுற்றியிருந்த தசை புண்பட்டது. சார்ன்லி டெஃப்லானைத் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார், கட்டி எழும்பியது. இப்படிப்பட்ட மனிதரை என்னவென்று சொல்வது! 1962 நவம்பரில் அவர் பாலிஎதிலீன் கிண்ணத்துக்கு மாறினார். வெற்றி கிட்டியது.

ஆனால் 1970களில், சிலருக்குப் பொருத்திய மூட்டைச் சுற்றி எலும்பு கரைவது எக்ஸ்ரே படங்களில் தெரிந்தது. குறிப்பாக ஓடியாடி உழைக்கும் இளவயதினருக்கு. பழி சிமென்டின் மேல் விழுந்தது. 'சிமென்ட் நோய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சிமென்டை விலக்கி, தண்டின் மேற்பரப்பில் நுண்துளைகள் அமைத்து, எலும்பே அதற்குள் வளர்ந்து பற்றிக்கொள்ளச் செய்தார்கள். 1985இல் லண்டனில் ஃபர்லாங் என்ற மருத்துவர், எலும்பிலுள்ள கனிமத்தைப் போன்ற பூச்சையே தண்டின்மேல் பூசினார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். சிமென்ட் தொடாத மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு கரைந்தது! கிண்ணத்திலிருந்து உதிர்ந்த பாலிஎதிலீன் நுண்துகளை உடலின் காப்பணுக்கள் விழுங்க, அதனால் எழும் அழற்சி எலும்பை அரிக்கிறது என்று அப்போதுதான் தெளிவாயிற்று. தேய்மானம் ஏற்படுத்தும் கேட்டை 1962க்கு முன்பே டெஃப்லான் காட்டியிருந்தது. நாம் அதைச் சரியாகப் படிக்கவில்லை. 1990களின் இறுதியில் தேய்மானம் மிகக் குறைந்த புதுவகைப் பாலிஎதிலீன் வந்த பிறகே இத்தொல்லை தணிந்தது.

அப்படியானால் எந்த வழி சிறந்தது? சுவீடன் 1979இலேயே இடுப்பு மூட்டுச் சிகிச்சைக்குத் தேசியப் பதிவேடு தொடங்கியது. அதுவும், பின்வந்த பிற நாட்டுப் பதிவேடுகளும் காட்டுவது, வயது முதிர்ந்தோரின், அதிலும் எலும்பு மெலிந்த மூதாட்டியரின் தொடையெலும்பில் சிமென்டிட்ட தண்டே பாதுகாப்பானது என்பதுதான். சிமென்டின்றி இறுக்கி அடித்து இறக்கும்போது மெலிந்த எலும்பு வெடிக்கலாம். சிமென்டிலும் ஆபத்து உண்டு; அதை அழுத்தும் வேளையில் அரிதாக இரத்த அழுத்தம் திடீரென வீழ்வதுண்டு. இளையோருக்குச் சிமென்டில்லாத முறை நன்றாகவே உதவுகிறது. அமெரிக்க மருத்துவர்களோ முதியோருக்கும் பெரும்பாலும் அதையே பொருத்துகிறார்கள்; பதிவேடுகளின் கணக்கு அவர்கள் பக்கம் இல்லை.